திருப்பத்தூரிலிருந்து தேவகோட்டை வரை: ஈர்ப்பு அளவாய்வில் முதலடி வைப்போருக்கு

செட்டிநாட்டின் மேற்குப் பக்கத்தில் பாறை கண்ணுக்கே தெரியும். திருமயம் கோட்டை உட்கார்ந்திருப்பதும், பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரைக் குடைந்தெடுத்ததும், குன்றக்குடி முருகன் கோயில் ஏறி நிற்பதும் அந்தக் கடும்பாறையில்தான். அங்கிருந்து காரைக்குடி தாண்டித் தேவகோட்டைப் பக்கம் போகப் போக செம்புறாங்கல்லும் மணற்கல்லும் களிமண்ணும்தான் தட்டுப்படும். கடும்பாறை கீழே இறங்கிவிட்டது. சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் பிளந்த காலத்தில், இந்தக் கரையோரம் வடகிழக்கு–தென்மேற்காகத் துண்டு துண்டாக உடைந்து அமிழ்ந்தது. அந்தப் பள்ளங்களில் பிற்பாடு படிந்த வண்டலைத்தான் காவிரிப் படுகை என்கிறோம். அதன் தென்கோடியான இராமநாதபுரம்–பாக் விரிகுடாப் பகுதியின் மேற்கு விளிம்பை ஒட்டித்தான் நம் ஊர்கள் இருக்கின்றன.

பாறை எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பதைத் துளை போடாமல் தோராயமாகச் சொல்லக்கூடிய வழிகளில் ஈர்ப்பு அளவாய்வும் ஒன்று. அடர்ந்த பாறை அருகில் இருந்தால் பூமியின் ஈர்ப்பு துளி கூடும், கீழே இறங்கிவிட்டால் குறையும்; அந்த வேறுபாட்டை இடத்துக்கு இடம் அளப்பதுதான் இது. புவியியல், இயற்பியல் மாணவர்களுக்கும், ஈர்ப்பை அளக்கும் கருவியான ஈர்ப்புமானியை முதல் தடவையாகக் கையில் வாங்கப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒன்றை முன்பே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: கருவியில் எண் வாசிப்பது இந்த வேலையில் சிறு பங்குதான். கல்லின் அடர்த்தியும் நிற்கும் இடத்தின் உயரமும் சரியாகத் தெரியாவிட்டால், எத்தனை இலட்சம் ரூபாய்க் கருவியும் உதவாது.

அலகு

ஈர்ப்பு முடுக்கத்தின் அலகு 'கால்'. கலிலியோவின் பெயரால் வந்தது. வினாடிக்கு வினாடி 1 செ.மீ. வேகம் கூடினால் 1 கால். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகால். காரைக்குடியின் அட்சரேகையில், கடல் மட்டத்துக்கான கணக்குப்படி, ஈர்ப்பு சுமார் 9,78,190 மில்லிகால். நாம் தேடுவது இந்தப் பெரிய எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் சில மில்லிகால் ஏற்ற இறக்கத்தை. சிறிய இலக்குகளுக்கு மில்லிகாலில் நூறில் ஒரு பங்குகூட முக்கியம்.

முதல் படி: இந்தக் கேள்விக்கு ஈர்ப்பு பதில் சொல்லுமா?

கருவியை வாடகைக்கு எடுப்பதற்கு முன் காகிதத்தில் ஒரு கணக்கு போடுங்கள். அகலமாகப் பரந்த ஓர் அடுக்கு தரும் ஈர்ப்பு வேறுபாடு = 0.0419 × அடர்த்தி வேறுபாடு × அடுக்கின் தடிமன். அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு இத்தனை கிராம் என்றும், தடிமன் மீட்டரிலும் இருந்தால் விடை மில்லிகாலில் வரும்.

கடும்பாறை 2.7, அதன்மேல் படிந்த வண்டல் 2.3 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 0.4. பாறை 500 மீட்டர் இறங்கியிருந்தால் 0.0419 × 0.4 × 500, அதாவது 8.4 மில்லிகால். இதைப் பிடிப்பது எளிது. 100 மீட்டர் என்றால் 1.7 மில்லிகால், கவனமாக வேலை செய்தால் இதையும் பிடித்துவிடலாம்.

இதே கணக்கைத் தோட்டத்தில் போர் போடும் இடம் பார்ப்பதற்குப் போட்டுப் பாருங்கள். பாறைக்குள் கையகலத்துக்கு ஒரு வெடிப்பு, அதில் தண்ணீர். அது தரும் ஈர்ப்பு வேறுபாடு கருவியின் எண்ணில் தற்செயலாக வரும் தடுமாற்றத்துக்குள் மூழ்கிவிடும். அந்த வேலைக்கு மின்தடை அளவாய்வுதான் சரி. சிதையாத பாறையின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டரில் இருக்கும். நீர் ஏறிய சிதைந்த பாறையில் அது மளமளவென்று இறங்கிவிடும். சிவகங்கைப் பக்கத்துக் கிராஃபைட்டும் இப்படித்தான். அடர்த்தி 2.2 சொச்சம் இருந்தாலும் நைஸ் எனப்படும் வரிவரியான கடும்பாறைக்குள் மெல்லிய பட்டைகளாக ஓடுவதால் ஈர்ப்பில் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் மின்முறைகளில் பளிச்சென்று தெரியும். காந்த அளவாய்வுக்குப் பாறையில் மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியம். நில அதிர்வு முறைக்கு அலை போகும் வேகம் முக்கியம். ஒவ்வொரு முறையும் கல்லின் ஒவ்வொரு குணத்தைப் பார்க்கிறது. ஈர்ப்பு பார்ப்பது அடர்த்தி ஒன்றைத்தான்.

ஆகவே நம் கேள்வி: திருப்பத்தூரிலிருந்து தேவகோட்டை வரை கடும்பாறை எப்படி இறங்குகிறது?

இரண்டாம் படி: கல்லை எடை போடுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். புத்தக அட்டவணையிலிருந்து அடர்த்தியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அட்டவணை வீச்சைத்தான் தரும்: நைஸ் 2.6 முதல் 2.8 வரை, மணற்கல் 2.0 முதல் 2.6 வரை, களிமண் 1.6 முதல் 2.4 வரை. சார்னோக்கைட் என்ற கடும்பாறையில் பைராக்சீன் என்ற கனமான கனிமம் கூடக் கூட அடர்த்தி ஏறும். (சென்னைப் பல்லாவரத்துக் கல்லை வைத்துத்தான் அந்தப் பாறைக்கு அப்பெயர் சூட்டினார்கள்.) இவ்வளவு அகலமான வீச்சை வைத்துக்கொண்டு ஆழத்தைச் சொல்ல முடியாது. உங்கள் கோட்டில் கிடைக்கும் கல்லை நீங்களே எடை போட வேண்டும்.

வேண்டியவை: 0.1 கிராம் வரை காட்டும் மின்தராசு, வாளி, நூல், தண்ணீர். கல்குவாரியில் புதிதாக உடைத்த முகத்திலிருந்து கைப்பிடி அளவு துண்டுகளை எடுங்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்து பொரிந்துபோன மேல்தோல் வேண்டாம். ஒவ்வொரு பாறை வகைக்கும் பத்துத் துண்டுகளாவது இருக்கட்டும். துண்டிலேயே எண் எழுதி, எடுத்த இடத்தை நோட்டில் குறியுங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று எடை எடுக்க வேண்டும். அடுப்பில் 105 பாகை செல்சியஸில் காயவைத்து எடுத்தது காய்ந்த எடை. பிறகு ஒரு நாளாவது தண்ணீரில் ஊறப்போட்டு, மேல் ஈரத்தை மட்டும் துணியால் ஒற்றி எடுத்தது ஊறிய எடை. அதே ஊறிய கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடுத்தது மூழ்கிய எடை. ஊறிய எடையில் மூழ்கிய எடையைக் கழித்தால் கல்லின் கன அளவு கிடைக்கும்.

கணக்கு புரிய ஒரு மாதிரி. செம்புறாங்கல் துண்டு ஒன்று: காய்ந்து 640 கிராம், ஊறி 735, மூழ்கி 410. கன அளவு 325. காய்ந்த அடர்த்தி 640/325 = 1.97. ஊறிய அடர்த்தி 735/325 = 2.26. துளை வெளி (735 − 640)/325, அதாவது 29 சதவீதம். ஒரே கல்லுக்குக் காய்ந்தால் ஓர் எண், ஊறினால் வேறோர் எண். அடுத்து நைஸ் துண்டு ஒன்று: காய்ந்து 812, ஊறி 814, மூழ்கி 510. காய்ந்தது 2.67, ஊறியது 2.68. இதில் தண்ணீர் நுழைய இடமே இல்லை.

இதில் எந்த எண்ணைக் கணக்கில் எடுப்பது? நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதற்கு ஊறிய அடர்த்தி, மேலே இருப்பதற்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று. காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் மணற்கல் முழுக்கத் தண்ணீர் பிடித்திருக்கிறது. ஊர் மெச்சும் சம்பை ஊற்றுத் தண்ணீர் அதற்குச் சாட்சி. எனவே கிழக்குப் பகுதிக்கு ஊறிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். செம்புறாங்கல் துளைகளில் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். தண்ணீருக்குள் கல்லை மெதுவாக அசைத்துக் குமிழ் வெளியேறிய பிறகே மூழ்கிய எடையை எழுதுங்கள்.

உதிரும் களிமண்ணை இப்படி ஊறவைக்க முடியாது. கன அளவு தெரிந்த இரும்புக் குழாயை மண்ணில் அடித்து இறக்கி, நிறைந்த மண்ணை எடை போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கோடும் அனுமதியும்

பள்ளங்கள் வடகிழக்கு–தென்மேற்காக ஓடுவதால் அளவாய்வுக் கோடு அவற்றைக் குறுக்கே வெட்ட வேண்டும். திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, காரைக்குடி, தேவகோட்டை என்று போகும் வழி ஏறத்தாழ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போவதால் நமக்குத் தோதானது. நிலையங்களுக்கு, அதாவது கருவியை வைத்து அளக்கும் புள்ளிகளுக்கு, இடையே 500 மீட்டர் போதும். பாறை மறையும் இடம் என்று சந்தேகப்படும் பகுதியில் 200 மீட்டராக நெருக்குங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் 'பூகோஷ்' இணையத்தளத்தில் பாறை வரைபடம் கிடைக்கும்; பதிவு செய்துகொண்டு இறக்கிக்கொள்ளலாம்.

நிலையம் வைக்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை பல. குறிப்பாகக் கிணறு. 6 மீட்டர் விட்டமும் 15 மீட்டர் ஆழமும் உள்ள வறண்ட தோட்டக் கிணற்றின் விளிம்பிலிருந்து 2 மீட்டரில் கருவியை வைத்தால், மண்ணின் அடர்த்தியை 2.0 என்று கொண்டால், அந்த வெற்றிடம் மட்டுமே ஏறத்தாழ 0.05 மில்லிகாலைக் குறைத்துவிடும். கிணற்றின் மையத்திலிருந்து 20 மீட்டர் தள்ளிப் போனால் அது 0.004 ஆகச் சுருங்கிவிடும். ஊருணிக் கரை, கண்மாய்க் கரை, ஆழமான வாய்க்கால் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கண்மாய் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: பரந்து நிற்கும் தண்ணீர் 1 மீட்டர் ஏறினால் 0.04 மில்லிகால் மாறும். கோட்டின் ஒரு பாதியைச் சித்திரையிலும் மறுபாதியைக் கார்த்திகை மழைக்குப் பிறகும் அளக்காதீர்கள்.

பனை, வேம்பு போன்ற பெரிய மரத்தடியும் வேண்டாம். காற்றில் மரம் ஆடினால் வேரோடு சேர்ந்து தரையும் அசையும்.

கிராம நிர்வாக அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். அதைவிட முக்கியம், தெருவில் கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்வது. பக்கத்து நெடுவாசலில் 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டம் இந்தப் பகுதி மக்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. முக்காலியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஒருவர் நின்றால் சந்தேகப்படுவது நியாயம்தான். "ஆச்சி, நாங்க காலேஜ்லேருந்து வர்றோம். பாறை எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு படிக்கிறதுக்காக அளக்கிறோம். தோண்டுறது, துளை போடுறது எதுவும் இல்ல. அஞ்சு நிமிஷத்துல எடுத்துருவோம்" என்று நின்று பதில் சொல்லுங்கள். யாருக்காக அளக்கிறீர்கள், முடிவு யாரிடம் போகும் என்று கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது அவர்கள் நிலம். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

தைப்பூசத்துக்கு முன் நகரத்தார் காவடி பழனிக்கு நடக்கும் நாட்களில் குன்றக்குடிச் சாலையை விட்டுவிடுங்கள். கூட்டத்தின் காலடி அதிர்வில் அளவும் நிற்காது, நடப்பவர்களுக்கும் நீங்கள் இடைஞ்சல்.

நான்காம் படி: உயரம்

தரையிலிருந்து 1 மீட்டர் மேலே போனால் ஈர்ப்பு 0.3086 மில்லிகால் குறையும். இடையில் இருக்கும் பாறையின் இழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2.67 அடர்த்திக்கு, மீட்டருக்கு 0.197 மில்லிகால். அதாவது உயரத்தில் 5 செ.மீ. பிழை இருந்தாலே விடையில் 0.01 மில்லிகால் பிழை. கைபேசி ஜிபிஎஸ் உயரத்தில் 5 மீட்டர் தவறினால் 1 மில்லிகால் தவறும். 100 மீட்டர் பாறைச் சரிவு தரும் ஈர்ப்பு வேறுபாட்டில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும்.

எனவே இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ், அல்லது சாதாரண லெவல் கருவியும் அளவுகோலும். இந்திய நில அளவைத் துறையின் நிலையான ஜிபிஎஸ் நிலையங்களோடு இணைத்தால் சில செ.மீ. துல்லியம் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் வேலை செய்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. ஜிபிஎஸ் தருவது துருவங்களில் சற்றுத் தட்டையான கோளமாகப் பூமியைக் கொள்ளும் கணித மாதிரியிலிருந்து அளந்த உயரம். கடல் மட்டத்திலிருந்து அளந்ததல்ல. உலகிலேயே புவி மட்டம், அதாவது ஈர்ப்பால் கடல் மட்டம் அமையும் பரப்பு, மிக ஆழமாகக் குழிந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே மாதிரியைவிட சுமார் 106 மீட்டர் தாழ்வு. அந்தக் குழியின் ஓரச் சரிவில்தான் நாம் இருக்கிறோம். செட்டிநாட்டில் இரண்டு உயரங்களுக்கும் வேறுபாடு 90 மீட்டர் அளவுக்கு வரும். காரைக்குடியில் ஜிபிஎஸ் உயரம் பூஜ்ஜியத்தை ஒட்டியோ கழித்தல் குறியுடனோ வந்தால் கருவி கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். புவிமட்ட மாதிரி ஒன்றைக் கொண்டு கடல் மட்ட உயரமாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியது சரிதானா என்று சட்டென்று பார்க்க இரயில் நிலையப் பெயர்ப்பலகையின் அடியில் எழுதியிருக்கும் உயரம் உதவும். துல்லியத்துக்கு அது போதாது. பெரிய தவறைப் பிடிக்கப் போதும்.

ஐந்தாம் படி: வாசிப்பு

இப்போது நம் கல்லூரிகளிலும் ஆய்வு நிலையங்களிலும் பெரும்பாலும் கிடைப்பது சின்ட்ரெக்ஸ் நிறுவனத்தின் சிஜி-5 அல்லது சிஜி-6 ஈர்ப்புமானி. உள்ளே குவார்ட்ஸ் சுருள்வில்லில் ஒரு சிறு எடை தொங்குகிறது. அதன் வெப்பநிலை மாறாமல் இருக்க மின்சாரம் இடைவிடாமல் வேண்டும். அணைத்துவிட்டால் மறுபடி நிதானத்துக்கு வர ஓரிரு நாள் பிடிக்கலாம். இரவில் தங்கும் இடத்தில் மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து வையுங்கள். வண்டியில் போகும்போது மடியிலோ பஞ்சு மெத்தை போட்ட இருக்கையிலோ வைத்துப் பட்டை கட்டுங்கள். வெயில் நேராகப் படாமல் குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

அடிப்படை நிலையத்தைக் காரைக்குடியில், கோட்டின் நடுவில், உறுதியான காங்கிரீட் தரையில் வையுங்கள். காலையில் அங்கே அளந்துவிட்டுப் புறப்படுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பி வந்து அதே புள்ளியில், அதே திசை பார்த்து அளங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் மட்டத்தைச் சரிசெய்து, 60 வினாடிச் சராசரியாக மூன்று வாசிப்பு எடுத்து, அவை 0.01 மில்லிகாலுக்குள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கருவி 1 கலைநிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சாய்ந்திருந்தாலே 0.04 மில்லிகால் குறைந்துவிடும். தரையிலிருந்து கருவியின் உயரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். பேருந்து கடந்து போகும் வரை பொறுங்கள். வங்கக் கடலில் புயல் நிற்கும் நாட்களிலும், எங்கோ தொலைவில் பெரிய நிலநடுக்கம் வந்த சில மணி நேரத்துக்கும் எண் அலைந்துகொண்டே இருக்கும். அன்று லெவல் வேலையைப் பாருங்கள்.

சூரியனும் சந்திரனும் இழுக்கும் ஓத விளைவு நாளுக்கு 0.3 மில்லிகால் வரை ஊசலாடும். கருவியே அதைத் திருத்திவிடும்; ஆனால் இடமும் நேரமும் சரியாக உள்ளிடப்பட்டிருக்க வேண்டும். இந்திய நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள 5.30 மணி வேறுபாடு கூட்டலா கழித்தலா என்பதைக் கருவியின் கையேட்டில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: திருத்தங்கள்

முதலில் கருவியின் நகர்வு: ஒரே இடத்தில் அளந்தாலும் நேரம் போகப் போக எண் தானாக மாறுவது. காலை 8.00 மணிக்கு அடிப்படையில் 3214.362, 10.30-க்குத் திரும்பியபோது 3214.422. 150 நிமிடத்தில் 0.060 ஏறியிருக்கிறது. 9.10-க்கு எடுத்த வாசிப்பிலிருந்து 0.028-ஐக் கழிக்க வேண்டும்.

அடுத்தது அட்சரேகை. நம் பகுதியில் வடக்கே 1 கி.மீ. போனால் ஈர்ப்பு 0.28 மில்லிகால் கூடும்.

பிறகு உயரமும், இடையில் தகடாகக் கிடக்கும் பாறையின் இழுப்பும். தகட்டுத் திருத்தத்துக்கு 18-ஆம் நூற்றாண்டில் ஆண்டிஸ் மலையில் அளந்த பிரெஞ்சுக்காரர் பியேர் பூகேர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அடிப்படையைவிட 13.4 மீட்டர் உயரம், 1.5 கி.மீ. வடக்கு, நகர்வு நீக்கிய ஈர்ப்பு 2.31 மில்லிகால் குறைவு. அட்சரேகைக்கு 0.42 கழித்தால் −2.73. அடர்த்தி 2.67 என்று கொண்டால் உயரத் திருத்தம் +2.64; விடை −0.09. செம்புறாங்கல்லும் மணற்கல்லும் கொண்ட மேடு அது, 2.2-தான் சரி என்றால் திருத்தம் +2.90, விடை +0.17. அளந்த எண் ஒன்றுதான். அடர்த்தி மாறியதும் பள்ளம் மேடாகிவிட்டது. இரண்டாம் படியில் அவ்வளவு நேரம் செலவிடச் சொன்னது இதற்காகத்தான்.

அதற்காகக் குன்றக்குடி வரை 2.67, அதற்கு அப்பால் 2.2 என்று கோட்டின் நடுவில் எண்ணை மாற்றிவிடாதீர்கள். கடல் மட்டத்திலிருந்து 85 மீட்டர் உயரத்தில் அப்படி மாற்றினால் 1.7 மில்லிகாலுக்குப் பொய்யான படிக்கட்டு முளைக்கும். அதைப் பிளவு என்று எழுதிவிடுவீர்கள். முழுக் கோட்டையும் ஒருமுறை 2.67-க்கும், தனியாக ஒருமுறை 2.2-க்கும் கணக்கிட்டு இரண்டையும் வரைந்து பாருங்கள். 1939-ல் புவி இயற்பியலாளர் நெட்டில்டன் சொன்ன வழியும் இருக்கிறது: ஒரு மேட்டின் குறுக்கே அளந்து, எந்த அடர்த்திக்கு மேட்டின் வடிவம் விடையில் தெரியாமல் போகிறதோ அதுவே அந்த மேட்டின் அடர்த்தி. நல்ல முறைதான். ஆனால் குன்றக்குடி மலையில் இதைச் செய்தால் மலையின் அடர்த்தி கிடைக்குமே தவிர, அதைச் சுற்றியுள்ள நிலத்தின் அடர்த்தி கிடைக்காது.

மலைக்குப் பக்கத்தில் நிலப்பரப்புத் திருத்தமும் வேண்டும். மேலே நிற்கும் மலை கருவியை மேல்நோக்கி இழுக்கிறது. பக்கத்துப் பள்ளம் கீழ்நோக்கி இழுக்க வேண்டிய கல் இல்லாமல் இருக்கிறது. இரண்டுமே அளவைக் குறைப்பதால் இந்தத் திருத்தம் எப்போதும் கூட்டல்தான். தொலைவுக்கு 30 மீட்டர் செயற்கைக்கோள் உயரத் தரவு போதும். அருகில் சில பத்து மீட்டருக்கு நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பத்தில் ஒரு நிலையத்தையாவது வேறொரு நாளில் மறுபடி அளந்து, வேறுபாட்டைப் பட்டியலில் தனி நிரலாக எழுதுங்கள்.

ஏழாம் படி: எண்ணிலிருந்து ஆழம்

திருத்திய மதிப்புகளைக் கோட்டின் தொலைவுக்கு எதிராக வரையுங்கள். பாறை கிழக்கே இறங்குவதால் வளைவும் கிழக்கே இறங்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் கடற்கரையை நோக்கி மேலோடு மெலிந்து, அதன் அடியில் உள்ள அடர்ந்த மூடகம் மேலேறி வருவதால், பின்னணி ஈர்ப்பு எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. பிரிப்பதற்கு உங்கள் 40 கி.மீ. கோடு மட்டும் போதாது. பெரிய பரப்புக்கான ஈர்ப்பு வரைபடத்திலிருந்து பின்னணிச் சரிவை எடுத்துக் கழியுங்கள். மேற்கு முனையில் பாறை வெளியே தெரியும் நிலையங்களில் மிச்சம் பூஜ்ஜியத்துக்கு அருகில் வந்தால், பிரித்தது ஓரளவு சரி.

மிச்சத்தை 0.0419-ஆலும் அடர்த்தி வேறுபாட்டாலும் வகுத்தால் முதல் ஆழம் கிடைக்கும். மிச்சம் −5 மில்லிகால், வேறுபாடு 0.4 என்றால் சுமார் 300 மீட்டர். வேறுபாட்டை 0.3 என்று எடுத்தால் அதே −5 ஏறத்தாழ 400 மீட்டராகிவிடும். ஒரே வளைவுக்குப் பொருந்தும் நிலத்தடி வடிவங்கள் எண்ணற்றவை. எந்த மென்பொருளும் இதை மாற்றாது. பைத்தான் நிரல்மொழியில் இலவசமாகக் கிடைக்கும் 'ஹார்மோனிகா' நிரல் நூலகத்தைக் கொண்டு வடிவத்தைத் திருத்தித் திருத்திப் பார்க்கலாம்; நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எந்த வடிவம் என்று முடிவு செய்ய வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி கோட்டின் ஓரத்திலேயே இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போட்ட தோட்டக்காரர்களிடமும் போர் வண்டிக்காரர்களிடமும் "எத்தனை அடியில பாறை தட்டுச்சு?" என்று கேளுங்கள். அடியை 0.3048-ஆல் பெருக்கி மீட்டராக்குங்கள். குன்றக்குடிக்கும் காரைக்குடிக்கும் இடையே அப்படிப் பாறை தட்டிய கிணறுகள் இரண்டு மூன்று கிடைத்தால், அந்த இடங்களில் ஆழத்தை நிலையாக வைத்துக்கொண்டு அடர்த்தி வேறுபாட்டைத் திருப்பிக் கணக்கிடுங்கள். அது நீங்கள் தராசில் கண்ட எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால், கிணறுகள் எட்டாத தேவகோட்டைப் பக்கத்துக்கும் அதையே கொண்டுபோகலாம். வராவிட்டால் முதலில் பின்னணிச் சரிவை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதன் பிறகு உயரங்களை.